உம்மாவின் வலது கையும் முகத்துவாரமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். "இது பெண்கள் விஷயம்" என்று ஆண்கள் தாண்டிப் போகவேண்டாம், வாப்பாவின் பங்கு இதில் பெரியது. உம்மாவிடம் கேட்டு, "எழுதுங்க புள்ள, என்ட பேர மட்டும் போடாதீங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். தட்டச்சு செய்வது அவளுடைய விரல், சொல்வது மூன்று பேரும்.

விஷயம் தொடங்கியது ஒரு காப்பில். ஒப்பரேஷன் முடிந்து 14 மாதம் கழித்து, ஒரு பெருநாள் காலையில், உம்மாவின் வலது கைக் காப்பு கழரவில்லை. சவர்க்காரம் போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம். கடைசியில் நகைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெட்டித்தான் எடுத்தோம். "வயசாகிட்டு, கொழுப்பு வெச்சிட்டு" என்று உம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வலது கையில் மட்டும் ஏன் கொழுப்பு வைக்கவேண்டும் என்று கேட்கிற புத்தி எங்கள் மூன்று பேருக்கும் வரவில்லை, டீச்சருக்கும் வரவில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. உம்மாவுக்கு வலது மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேச முடியாது. கடைசித் தங்கச்சியின் வீட்டுக்குச் சுவர் எழும்பி, கூரைக்குக் காசு தேடிக்கொண்டிருந்த நேரம். கட்டி என்று வாய் திறந்தால் அந்தக் காசு கொழும்புக்குப் போய்விடும் என்று உம்மா கணக்குப் போட்டிருக்கிறார். கூரை போட்டு முடிந்த கிழமைதான் மூத்தவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறோம். கூரையைப் பார்க்கும்போதெல்லாம் கடைசித் தங்கச்சிக்கு என்ன தோன்றும் என்று நாங்கள் எழுதப் போவதில்லை.

மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு மருந்து, பிறகு கதிர்ச் சிகிச்சை. மஹரகமையில் வாட்டுக்கு வெளியே வாங்கில் படுத்தெழும்பிய ஊர்ச்சனம் எங்களுக்கு முன்பும் நிறைய உண்டு, பின்பும் உண்டு. அந்தக் கதையை விடுகிறோம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை எத்தனை, மறு கிளினிக் எப்போது என்று சொன்னார்கள். கை வீங்கலாம் என்று எவரும் சொல்லவில்லை. எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை. அன்றைக்கு அந்த வாட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், நின்றது ஒரு நேர்ஸ்.

காப்பு வெட்டிய பிறகு கை இன்னும் கனத்தது. பின்னேரமானால் முழங்கைக்குக் கீழே உரலைப் போல உருண்டுவிடும். விரலால் அமத்தினால் குழி விழுந்து மெல்ல மெல்லத்தான் நிரம்பும். அபாயாவின் வலது கை மட்டும் இறுகியது. அக்கம்பக்கத்தில் "இது யானைக்கால் வருத்தம், கைக்கு வந்திருக்கு" என்றார்கள். அது நுளம்பால் பரவுகிற பைலேரியாப் புழுவால் வருவது, நம் நாட்டில் மேற்கு, தெற்குக் கரையோரத்திலும் குருநாகல், புத்தளம் பக்கமும்தான் இருந்தது, 2002 முதல் 2006 வரை அந்த எட்டு மாவட்டங்களில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள், 2016இல் இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது என்றெல்லாம் டீச்சர் விளக்கினாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "அப்ப கண்ணூறாக்கும்" என்றார்கள்.

இனி எங்கள் பிழை. சுளுக்கு, நரம்பு பிசகல் என்றால் உருவிவிடுகிற ஒரு மூத்தம்மா எங்கள் பக்கத்தில் இருக்கிறார். நல்ல மனுஷி, காசு வாங்கமாட்டார். நாங்கள்தான் கூட்டிவந்தோம். நல்லெண்ணெயைச் சூடாக்கி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மூன்று நாள் அழுத்தி உருவினார். இறங்கட்டும் என்றுதான் கீழ்நோக்கி உருவினார், எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். நாலாம் நாள் புறங்கையும் வீங்கி, விரல் மடக்க முடியாமல் போனது. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். வலது கையால் பிசைந்து சாப்பிட முடியாமல் போன அன்றைக்குத்தான் உம்மா முதல் தடவையாக அழுதார். மார்பை எடுத்தபோது அழவில்லை.

கிளினிக்கில் காட்டியபோது டொக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். "நிணநீர் வீக்கம். பிசியோதெரபிக்குப் போங்க" என்று துண்டு எழுதித் தந்தார்.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் ஒரு தமிழ்ப் பிள்ளை, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்காரி. முதல் நாள் கையையே தொடவில்லை. உம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு, "அம்மா, மாரி காலத்தில முகத்துவாரம் அடைபட்டா எங்கட பக்கம் என்ன நடக்கும்?" என்று கேட்டார். உம்மாவுக்குத் தெரியாதா? வாவி பெருகும், வயலுக்குள் தண்ணீர் ஏறும், ரோட்டுக்கு மேலால் போகும், கடைசியில் பாலமீன்மடுவில் மண்மேட்டை வெட்டிவிடுவார்கள், தண்ணீர் கடலுக்குள் பாயும், வயல் வடியும். "அப்ப வயலுக்குள்ள நின்டு வாளியால அள்ளி ஊத்தினா வடியுமா?" "அதெப்படி மகள் வடியும்? வாய வெட்டனும்." "அதத்தான் நாங்க உங்கட கையில செய்யப்போறம்."

20 வருடமாகத் தரம் 10, 11க்குக் குருதிச் சுற்றோட்டம் படிப்பிக்கிற மூத்தவள் அந்த இடத்தில் தலையைக் குனிந்தாள். நிணநீர்த் தொகுதி அவளுடைய வகுப்பில் கடைசிப் பத்து நிமிஷம். பரீட்சைக்குப் பெரிதாக வராது என்று தாண்டிப்போகிற பகுதி. இனி அப்படிப் போவதில்லை.

விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். குருதி மயிர்க்குழாய்களில் இருந்து கசிகிற நீரில் ஒரு பகுதி திரும்பக் குருதிக்குள் போகாமல் இழையங்களுக்குள் நின்றுவிடும். அதோடு புரதமும் இருக்கும். அதைச் சேர்த்துக்கொண்டு போகிற மெல்லிய குழாய்கள்தான் நிணநீர்க் கலன்கள். இவற்றில் நிறைய, தோலுக்கு நேர் கீழேதான் ஓடுகின்றன. இதயம் போல ஒரு பம்பு இவற்றுக்கு இல்லை. கலன்களே மெதுவாகச் சுருங்கும், உள்ளே வால்வுகள் இருக்கும், பக்கத்துத் தசை அசைந்தால் தள்ளும், மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சுக்குள் உறிஞ்சும். வழியில் கணுக்கள் சல்லடை போல நிற்கும். உடம்பு முழுவதும் சுமார் 600 கணுக்கள், அக்குள் ஒன்றில் மட்டும் 20 முதல் 30 வரை. கடைசியில் எல்லாம் வந்து சேர்வது காறை எலும்புக்குப் பின்னால், கழுத்தடியில் இருக்கும் பெரிய நாளங்களுக்குள். எங்கள் முகத்துவாரம் அங்கேதான் இருக்கிறது.

அக்குள் கணுக்களை எடுத்தால், கதிர் பட்டு அந்த இடம் தடித்தால், கையில் இருந்து வருகிற நீருக்கு வழி குறுகிவிடும். மார்பகப் புற்றுநோய் வந்து சுகமான பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது என்று 2013இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. ஒப்பரேஷன் முடிந்த கையோடும் வரலாம், வருடக் கணக்கில் கழித்தும் வரலாம். ஐந்தில் ஒருவர் என்றால் நம் ஊரில் எத்தனை பேர் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு இருக்கிறார்கள்? உம்மா மறைத்தது போல?

வாவிக்கு இன்னொரு வாய் கல்லாற்றுப் பக்கம் இருக்கிறதல்லவா. ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் மற்றப் பக்கத்தைத் தேடும். கையின் கதையும் அப்படித்தான் என்று அந்தப் பிள்ளை சொன்னார். வலது அக்குள் வேலை செய்யாது. ஆனால் நெஞ்சுக்கு மேலால் இடது அக்குளுக்குப் போகிற சின்னச் சின்ன வழிகள் தோலுக்குக் கீழே உண்டு. விலாப் பக்கமாக இறங்கி வலது தொடை இடுக்குக்குப் போகிற வழிகளும் உண்டு. அந்த வழிகளைப் பழக்குவதுதான் இந்தத் தடவல். இதை முறையாக உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும். 1930களில் பிரான்ஸில் கான் நகரத்தில் வேலை செய்தபோது, ஓயாத தடிமனோடு வந்தவர்களின் கழுத்துக் கணுக்கள் வீங்கியிருப்பதைக் கண்டு, மெல்லத் தடவிப் பார்த்துத் தொடங்கியது. நமக்குப் பக்கத்தில் என்றால் கேரளாவில் காசர்கோட்டில் ஒரு தோல் நோய் நிறுவனம், யானைக்கால்காரர்களுக்கு ஆயுர்வேதம், யோகா, தடவல், கட்டுப்போடுதல் எல்லாவற்றையும் சேர்த்து, வீட்டிலேயே செய்யப் பழக்கி அனுப்புகிறது.

இனி நாங்கள் செய்வதை எழுதுகிறோம். இது உம்மாவுக்கு, அவருடைய வலது கைக்கு, அவரைப் பரிசோதித்த ஒருவர் பழக்கியது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு வேண்டுமென்றால் ஒரு நாளாவது பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் காட்டிப் பழகுங்கள். இந்தப் பதிவை மட்டும் வைத்துத் தொடங்காதீர்கள்.

இஷா தொழுது முடிந்ததும் உம்மா கட்டிலில் சாய்ந்துகொள்வார். எண்ணெய் இல்லை, கிறீம் இல்லை. எண்ணெய் போட்டால் கை வழுக்கும், தோல் நகராது. எங்களுக்கு விளங்க நாள் எடுத்தது இதுதான். உரசுவது வேறு, தோலை நகர்த்துவது வேறு. விரல்களைத் தட்டையாக வைத்து, அந்த இடத்துத் தோலையே ஒரு பக்கமாக மெல்ல இழுத்துவிட வேண்டும். பிறகு விட்டால் தோல் தானாகத் திரும்பும். திரும்பும்போது அழுத்தம் கூடாது. தோல் சிவந்தால் அழுத்திவிட்டோம் என்று அர்த்தம். "நித்திர கொள்ற பூனக்குட்டிய எழுப்பாமத் தடவுற மாதிரி" என்று உம்மாவே ஒரு அளவு கண்டுபிடித்தார். அதைவிட நல்ல அளவு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முதலில் வயிற்றில் கையை வைத்து ஐந்து ஆறு ஆழமான மூச்சு. வயிறு எழும்பி இறங்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் காறை எலும்புக்கு மேலே உள்ள குழி. அங்கே விரல்களை வைத்து மெல்ல உள்நோக்கியும் கீழ்நோக்கியும் பத்துத் தடவை அளவில். தைரொயிட் கூடியவர்கள், கழுத்து நாடியில் பிரச்சினை உள்ளவர்கள், வயதானவர்கள் கழுத்துப் பகுதியை வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

அடுத்தது நல்ல பக்கம், இடது அக்குள். உள்ளங்கையை அக்குளுக்குள் வைத்து வட்டமாக அதே பத்து. வீங்கிய கையை விட்டுவிட்டு நல்ல பக்கத்தை ஏன் தடவுகிறோம் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். போய்ச் சேருகிற இடத்தை முதலில் வெறுமையாக்க வேண்டும். பிறகு வலது பக்கத்தில் இருந்து நெஞ்சுக்கு மேலால் இடது அக்குள் வரை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போவது. தழும்பு முழுதாக ஆறிய பிறகுதான் இதை அனுமதித்தார்கள். பிறகு வலது தொடை இடுக்கில் பத்து. பிறகு வலது அக்குளுக்குக் கீழே இருந்து விலா வழியாக இடுப்புவரை.

கைக்கு வருவது இவ்வளவும் முடிந்த பிறகு. அதுவும் மேலிருந்து. முதலில் தோளும் புஜமும். உட்பக்கத்து நீரை வெளிப்பக்கத்துக்கு, வெளிப்பக்கத்தில் இருந்து தோளுக்கு மேலே. அது முடிந்ததும் முழங்கை, பிறகு முன்கை, கடைசியில்தான் புறங்கையும் விரலும். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் திரும்பத் தோள்வரை கொண்டுபோய்விட வேண்டும். தள்ளுகிற திசை எப்போதும் மேல்நோக்கி. உம்மா வுழூச் செய்த பழக்கத்தில் விரலில் இருந்துதான் தொடங்குவார். "அம்மா, திசை சரி, தொடங்கிற இடம் பிழை" என்று அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் சிரித்துத் திருத்துவார். முடிவில் திரும்பவும் ஆழமான மூச்சு. எல்லாமாக 20 நிமிஷம்.

முதுகுப் பக்கம் உம்மாவுக்குக் கை எட்டாது. நாங்கள் மூன்று பேரும் முறை வைத்துச் செய்தோம். இரண்டு கிழமையில் ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் பரீட்சைத் தாள், ஒருத்தி வெளியூர். அப்போது வாப்பா, "எனக்குக் காட்டுங்க" என்றார். 40 வருடம் வாவியில் வலை இழுத்த கை. உள்ளங்கை அரம் போல இருக்கும். முதல் நாள் அவர் தொட்டதும் உம்மா "ஆ" என்றார். வாப்பா எழும்பிப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தோம். கிணற்றடியில் நின்று கல்லால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது முதுகு வாப்பாவின் பொறுப்பு. இருவரும் அப்போது என்ன பேசுவார்கள் என்று தெரியாது, கதவைச் சாத்திவிடுகிறார்கள். கலியாணமாகி இவ்வளவு காலத்தில் அவர்கள் 20 நிமிஷம் தனியாக இருந்து கதைத்ததை நாங்கள் கண்டதில்லை.

தடவல் மட்டும் போதாது. உண்மையைச் சொன்னால் தடவல் மட்டும் பெரிதாக ஒன்றும் செய்யாது. 2015இல் கொக்ரேன் அமைப்பு இருக்கிற ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொன்னது, இறுக்கக் கட்டோடு சேர்த்துச் செய்தால் வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடக் குறையலாம், பாதுகாப்பானது என்று. அவ்வளவுதான். வேலையின் பெரும் பகுதியைச் செய்வது கட்டும் ஸ்லீவும்தான். அந்த ஸ்லீவை நம் வெயிலில், மே மாதத்தில், அபாயாவுக்குள் போட்டுக்கொண்டு இருந்து பாருங்கள். உம்மா இரண்டு தடவை கழற்றி அலுமாரிக்குப் பின்னால் எறிந்தார்.

ஐந்து நேர வுழூ இன்னொரு சிக்கல். ஒவ்வொரு முறையும் கழற்றி, கழுவி, ஈரம் துவட்டி, திரும்ப இழுத்துப் போடுவது சின்ன வேலை இல்லை. மௌலவி ஒருவரிடம் கேட்டோம். "கழற்றினா கைக்குத் தீங்கு வருமா?" என்று அவர் முதலில் கேட்டார். கட்டுப் போட்டிருக்கும் காலத்தில் அது அவிழ்க்க முடியாதது, அதற்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்றார். ஸ்லீவ் கழற்றக்கூடியது, கழற்றிக் கழுவுங்கள் என்றார். இப்போது உம்மா லுஹரோடு அஸர்வரை, மஃரிபோடு இஷாவரை வுழூவைக் காப்பாற்றிக்கொள்கிறார். கழுவும்போது தோலில் கீறல் இருக்கிறதா, விரலிடுக்கு வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம். வேறு நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை பார் என்று நினைவூட்ட வேண்டும், உம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை.

கீறல் ஏன் முக்கியம் என்று படித்த இடம் இறால் சட்டி. இறால் உரிக்கும்போது கொம்பு பெருவிரலில் குத்தியது. நம் வீடுகளில் அதை யாரும் காயம் என்றே சொல்லமாட்டோம். பின்னேரம் நடுக்கம். விடியும்போது கை முழங்கைவரை சிவந்து, கொதித்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் நாளத்தால் மருந்து ஏற்றினார்கள். வடிய வழியில்லாத நீரில் கிருமி போனால் வேகமாகப் பரவும். அந்த நேரத்தில் தடவவே கூடாது. சிவப்பு, சூடு, காய்ச்சல் இருந்தால் தடவல் இல்லை, உடனே வைத்தியர். அதுபோல இரத்தக் கட்டி உள்ளவர்கள், இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள், திரும்பக் கட்டி வந்திருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. இப்போது இறால் வாங்கினால் உம்மா ரப்பர் கையுறை போட்டுத்தான் உரிக்கிறார். "இத்தின வயசுக்குப் பொறவு எனக்கு ஒப்பரேஷன் டொக்டர் வேசம்" என்பார்.

ஹிஜாமா பற்றியும் கேட்கிறார்கள். அதை மறுத்துப் பேச நாங்கள் வரவில்லை. ஆனால் வீங்கிய கையில் வேண்டாம். தோலைக் கீறுகிற எதுவும் அந்தக் கையில் வேண்டாம். இரத்தம் எடுப்பதானாலும் பிரஷர் பார்ப்பதானாலும் முடிந்தவரை மற்றக் கையைக் கொடுங்கள்.

நாங்கள் செய்த இன்னொரு பிழை, உம்மாவை ஒன்றுமே செய்யவிடாமல் வைத்தது. தேங்காய் துருவக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது. அன்பு என்று நினைத்துச் செய்தோம். கை இன்னும் விறைத்தது, உம்மாவின் முகமும். 2009இல் அமெரிக்காவில் இப்படிக் கை வீங்கிய பெண்களைக் கொண்டே மெதுவாகப் பாரம் தூக்கப் பழக்கிப் பார்த்தார்கள். வீக்கம் கூடவில்லை, வருத்தம் கிளம்புவது குறைந்தது, பலம் கூடியது. படிப்படியாக, ஸ்லீவைப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதை வாசித்த அன்றைக்கே பேத்தியை மடியில் கொடுத்தோம். உம்மா எங்களைப் பார்த்த பார்வையில் ஏழெட்டு மாதக் கணக்கு இருந்தது.

ஒரு இடைச்செருகல். ஸ்டாஃப் ரூமில் இளம் டீச்சர்மார் டிக்டொக்கில் பார்த்துவிட்டு, கல்லால் கன்னத்தைத் தேய்க்கிறார்கள். முகம் மெலியுமாம், உடம்பு நச்சு வெளியேறுமாம். காலையில் கொஞ்சம் வீங்கின முகம் ஒரு மணித்தியாலத்துக்கு வற்றும், அது சரி. கொழுப்பு தடவிக் கரையாது. நச்சை வெளியேற்ற ஈரலையும் சிறுநீரகத்தையும் அல்லாஹ் தந்திருக்கிறான். சுகமாக இருக்கிறது என்றால் செய்யுங்கள், காசு கொடுத்துக் கல் வாங்காதீர்கள். அதே பத்து நிமிஷத்தில் கண்ணாடி முன் நின்று மார்பில் கட்டி இருக்கிறதா, அக்குளில் தட்டுப்படுகிறதா, தோல் சுருங்கியிருக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏதாவது பட்டால் அந்தக் கிழமையே காட்டுங்கள். வீட்டுக் கூரை காத்திருக்கும்.

உம்மாவின் கை சுகமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இது முழுதாகப் போகிற வருத்தம் இல்லை, அடக்கி வைத்திருக்கிற வருத்தம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன் தையல் டேப்பால் ஐந்து இடத்தில் இரண்டு கையையும் அளக்கிறோம். வாப்பா ஒரு சீ.ஆர். கொப்பியில், மீன் கணக்கு எழுதுவது போலவே, கோடு போட்டு எழுதுகிறார். தொடங்கும்போது முன்கையில் இரண்டு கைக்கும் வித்தியாசம் 5 சென்ரிமீற்றர். இப்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கிறது. நோன்பில் கூடியது, வெயிலில் கூடியது, ஸ்லீவை எறிந்த கிழமைகளில் கூடியது, எல்லாம் கொப்பியில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், சோற்றைக் கையால் பிசைந்துதான் சாப்பிடுகிறார்.

வெட்டின காப்பு இரண்டு துண்டாக அலுமாரியில் கிடக்கிறது. ஒட்டித் தருகிறோம் என்றோம். "ஒட்டுறதெண்டா பேத்திட கை அளவுக்கு ஒட்டுங்க" என்றார்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பிள்ளை வந்து காட்டித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். பெண்கள் மட்டும். கை வீங்கியவர்கள், மார்பு ஒப்பரேஷன் செய்தவர்கள், வீங்காவிட்டாலும் வாருங்கள். தளர்ந்த சட்டை போட்டு வாருங்கள், மற்றக் கையையும் அளக்க வேண்டும். பெயரைக் கருத்தில் போட வேண்டாம், உள்பெட்டியில் சொல்லுங்கள், இரண்டாவது தங்கச்சிதான் பார்ப்பாள். மனைவிக்கு முதுகுப் பக்கம் எப்படிச் செய்வது என்று கேட்க வேண்டிய ஆண்கள், மஃரிபுக்கு முன் வாப்பா தோணியடியில் வலை பொத்திக்கொண்டு இருப்பார். கேளுங்கள். முதலில் கையைத்தான் பார்ப்பார்.